சக்கரத்தின் மேல் வீடும் இரணைமடுத் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவிலுள்ள என் தம்பி ஓய்வுபெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு ஒரு மோட்டார் வீட்டில், அதாவது வீடுபோல அமைத்த வாகனத்தில், குடியேறிவிட்டான். குளிர்காலத்தில் அவர்களுக்கு அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனம்தான் ஊர். அங்கு குவார்ட்ஸ்சைட் என்ற சிற்றூருக்கு அருகே, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அரச நிலத்தில் தங்க அனுமதிச்சீட்டு கொடுக்கிறார்கள்.

போன மாசியில் பத்து நாள் அவர்களோடு இருந்தேன். முதலிரவு நித்திரை வரவில்லை. சக்கரத்தின் மேல் வீடென்றால் எனக்கு 2009 யுத்தகால இடப்பெயர்வுதான்: ரக்ரர் பெட்டி, மேலே தறப்பாள், நடுவில் காய்ச்சலோடு அம்மா.

விடிந்ததும் சகுவாரோக் கள்ளிகளைப் பார்த்தேன். ஆழப் போகாமல் அகலப் படரும் வேர்களால் மழையை உறிஞ்சி, தண்டின் மடிப்புகள் விரிய அவை நீரைச் சேமிக்கின்றன. மச்சாளும் அப்படித்தான், ஒரு செம்புத் தண்ணீரில் நாலு கோப்பை கழுவுவாள். மின்சாரம் கூரையிலுள்ள சூரியத் தகட்டிலிருந்து வருகிறது. கழிப்பறைத் தொட்டி நிரம்பினால், அதற்கென அமைத்த இடத்துக்கு ஓட்டிப்போய்க் குழாய் மாட்டி இறக்குகிறார்கள்.

சென்ற கிழமை இங்கே இரணைமடுக் குளத்து வாய்க்காலில் ஒரு சுற்றுலா வான் அழுக்குத் தண்ணீரை ஊற்றியதைக் கண்டு பதறிப்போனேன். அது எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர். இப்படியான வாகனங்களுக்காக ஏ9 வீதியோரம் ஒரு கழிவுக்குழியும் குடிநீர்க் குழாயும் பிரதேச சபைகள் அமைத்துத் தரவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிளிநொச்சி.