‘எந்த மண்ணிலும் விளையும்’ என்ற அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கால்நடைத் தீவனப் பக்கங்களில் ஓட்ஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். “கெண்ட் ரக ஓட்ஸ் எந்த மண்ணிலும், எந்தப் பருவத்திலும் மூன்று அறுப்புத் தரும்” என்று அதில் ஒரு வரி. அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை. தங்கள் இதழை நம்பி விதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்ஸ் ஒரு ஏக்கருக்கு 40 கிலோ விதை கேட்கும் பயிர். வரவு பார்க்கும் முன்பே செலவு வைத்துவிடும். மூன்றாவது அறுப்பு எங்கே என்று அவர்கள் தேடும்போது தங்கள் அடுத்த இதழ் கடைக்கு வந்திருக்கும்.

கெண்ட் மோசமான ரகம் அல்ல. நாட்டின் பல பகுதிகளில் பல ஆண்டுகளாகப் பயிராகிறது. புதிய ரகங்களை அதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அது எங்கும் ஒரே மாதிரி விளைந்திருந்தால் ஜான்சியில் ஜே.எச்.ஓ. 822, ஜே.எச்.ஓ. 851, ஹிசாரில் ஓ.எஸ். 6, லூதியானாவில் ஓ.எல். வரிசை, பந்த்நகரில் யு.பி.ஓ. வரிசை, பாலம்பூரில் பாலம்பூர் 1, ராகுரியில் புலே ஹரிதா என்று ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ரகம் எடுக்க என்ன அவசியம்? இவற்றில் ஒரு பெயர்கூட கட்டுரையில் இல்லை. 1962 முதல் ஜான்சியில் இயங்கும் இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரும் இல்லை. தங்களுக்குத் தெரியாததல்ல, இடம் போதவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

காஷ்மீரைப் பாருங்கள். அங்கே நெல் அறுத்த வயலில் இலையுதிர் காலத்தில் ஓட்ஸ் விதைக்கிறார்கள். பயிர் பனிக்கு அடியில் கிடந்து, வசந்தத்தில் எழுந்து, அடுத்த நெல் நடவுக்குள் வயலைக் காலி செய்து தர வேண்டும். உறைகுளிரில் சாகக் கூடாது, பனி விலகியதும் வேகமாக வளர வேண்டும், நாள் தவறக் கூடாது. ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் சப்சார் போன்ற ரகங்களைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பள்ளத்தாக்கின் தேவையைப் பார்த்து. பஞ்சாப், ஹரியானாவில் கேள்வியே வேறு. அக்டோபர், நவம்பரில் விதைத்து, பாசனம் தந்து, பசுந்தீவனம் குறையும் குளிர் மாதங்களில் ஒரு அறுப்பு எடுத்து, திரும்பத் துளிர்த்து இன்னொன்றும் தர வேண்டும். பயிர் ஒன்றுதான், ஆனால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

இனி அந்த மூன்று அறுப்பு. ஓட்ஸ் மறுபடி துளிர்ப்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: ரகத்தின் தூர் கட்டும் குணம், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும் குணம்; அறுக்கும் நேரமும் உயரமும். முதல் அறுப்பை 50 முதல் 60 நாளுக்குள், தரையிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் விட்டு எடுக்க வேண்டும். அந்த வயதில் குருத்தின் வளர்முனை பெரும்பாலும் அறுவாளுக்குக் கீழே இருக்கும். தண்டு நீண்ட பிறகு அறுத்தால் வளர்முனையும் சேர்ந்து போய்விடும். பிறகு அடியில் மிச்சமிருக்கும் தூர்களிலிருந்துதான் ஏதாவது வர வேண்டும். தரையோடு ஒட்ட அறுத்தால் அதுவும் இல்லை. நிமிர்ந்து வளர்ந்து தூர் குறைவாக வைக்கும் ரகத்தைப் பாதிப் பூப்பில் ஒரே அறுப்பாக எடுப்பதுதான் லாபம். இரண்டு அறுப்பு பார்த்துத் தேர்ந்த ரகமானாலும் முதல் அறுப்புக்குப் பின் தழைச்சத்தும் தண்ணீரும் கொடுத்தால்தான் இரண்டாவது அறுப்பு அறுப்பாக இருக்கும். மூன்றாவது, நீண்ட குளிர் உள்ள இடத்தில், சீக்கிரம் விதைத்தவர்களுக்கு. கட்டுரையில் அறுப்பு உயரமும் இல்லை, வயதும் இல்லை. மூன்று என்ற எண் மட்டும் இருந்தது.

“எந்தப் பருவத்திலும்” என்ற சொல் இதைவிட வருத்தம் தந்தது. ஓட்ஸ் 15 முதல் 25 டிகிரி வரையிலான குளிர்ச்சியை விரும்பும் பயிர். தூர் கட்டும் நாட்களில் இரவும் சூடாக இருந்தால் தூர் குறையும். மணி பிடிக்கும் நேரத்தில் வெயில் ஏறினால் மணி சுருங்கும். போதாததற்கு அது நீள்பகல் பயிர், பகல் நீண்டால்தான் காலத்தில் கதிர் தள்ளும். ஸ்வீடனிலோ கனடாவிலோ பதினைந்து மணி நேரத்துக்கும் மேலான கோடைப் பகலில் கதிர் தள்ளும் ரகத்தைக் கொண்டுவந்து கோயம்புத்தூரில் கார்த்திகையில் விதைத்தால், அங்கே பகல் பதினொன்றரை மணி நேரம்தான். கதிருக்குப் பதில் இலை வைத்துக்கொண்டே இருக்கும். தீவனத்துக்கு அது நல்ல குணம். தானியத்துக்கும் விதைக்கும் அதுவே கெட்ட குணம். பசுமையாக நிற்கும் வயலிலிருந்து அடுத்த ஆண்டுக்கான விதையை நம் சமவெளியில் எடுப்பது கடினம் என்பதற்கும் காரணம் இதுதான். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகள் வேறு. அவற்றையும் சமவெளியையும் ஒரே வரியில் சேர்த்தது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

தங்கள் பக்கங்களில் ரகங்கள் எப்போதும் ‘கண்டுபிடிக்க’ப்படுகின்றன. இந்தச் சொல் பல ஆண்டுகளாக உறுத்துகிறது. ஓட்ஸில் ஒரு கலப்புச் செய்வது என்ன வேலை என்று ஒருமுறையாவது எழுதியிருக்கலாம். சிறுகதிர் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பூக்கள். முதல் பூவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். விறைத்த உமியை உடையாமல் இடுக்கியால் விலக்கி, மகரந்தம் வெடிக்கும் முன் மூன்று மகரந்தப்பைகளையும் எடுக்க வேண்டும். ஒன்று நழுவினாலும் அது சுயமாகக் கருவுற்ற மணி. கலப்பு என்று நம்பி வளர்த்து அடுத்த ஆண்டுதான் ஏமாற்றம் தெரியும். கதிரைக் காகித உறையால் மூடி, ஓரிரு நாள் கழித்து மற்ற பெற்றோரின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். கைதேர்ந்தவர்கள் செய்தாலும் பாதிப் பூக்கள் மணி பிடித்தால் பெரிது. பிறகு ஐந்தாறு தலைமுறை தேர்வு, அதன் பின் அகில இந்திய ஒருங்கிணைந்த தீவனப் பயிர்த் திட்டத்தில் பல ஊர்களில் சோதனை. முதல் கலப்பிலிருந்து விதைப் பை வரை பத்து பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிடும்.

ஓராண்டுக்கு முன் தங்கள் தலையங்கம் “ஒரு பயிருக்கு ஒரே சிறந்த ரகம் போதும், விவசாயிக்குக் குழப்பம் வேண்டாம்” என்றது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். அமெரிக்கா இதைச் செய்து பார்த்துவிட்டது. உருகுவேயிலிருந்து வந்த விக்டோரியா என்ற ஓட்ஸ், இலையில் துருப்போல் பொடி படியும் பூஞ்சாண நோயான துருவைத் தாங்கியது. அதன் வழிவந்த விக்லாண்ட், டாமா போன்ற ரகங்கள் 1940களில் அங்கே பெரும் பரப்பைப் பிடித்தன. 1946இல் விக்டோரியா கருகல் என்ற புதிய பூஞ்சாண நோய் அடையாளம் காணப்பட்டது. துருவைத் தடுத்த குணமும் இந்த நோய்க்கு இடம் கொடுத்த குணமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே நின்றன. சில ஆண்டுகளுக்குள் அந்த ரகங்களையே கைவிட வேண்டியதாயிற்று. ஒரே ரகம் போதும் என்று எழுதுபவர் இதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

துரு நமக்கும் தூரத்துச் செய்தி அல்ல. கோதுமைத் துருப் பூஞ்சாணம் நீலகிரி, பழனி மலைகளில் ஆண்டு முழுவதும் உயிரோடிருந்து அங்கிருந்து பரவுகிறது என்று தாவர நோயியல் அறிஞர் கே.சி. மேத்தா காட்டி நெடுங்காலமாகிறது. நீலகிரியின் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பதன் பொருளும் அதுவே. ஓட்ஸைத் தாக்கும் துரு வேறு வகை என்றாலும் அதற்கும் பனித்துளி ஈரமும் மிதமான குளிரும்தான் தேவை. வறண்ட ஜான்சியில் சுத்தமாக நிற்கும் ரகம் மலையில் ஆரஞ்சுப் பொடி பூசிக்கொண்டால் ரகத்தைக் குறை சொல்லக் கூடாது. அது அங்கே சோதிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

எழுத ஆரம்பித்தபின் பழையவையும் வந்து சேர்கின்றன. இந்தக் கட்டுரைக்குப் போட்ட படம் கோதுமை. ஓட்ஸின் கதிர் கிளைவிட்டு, மணிகள் தனித்தனியே தொங்கும். கோதுமையைப் போல் ஒரே தண்டில் அடுக்கி நிற்காது. முன்பு ஒருமுறை ஓட்ஸை வாற்கோதுமை என்று எழுதினீர்கள், அது பார்லி. கேள்வி-பதில் பகுதியில் தீவன ஓட்ஸ் கரும்பச்சையாக இருக்க யூரியாவை இரட்டிப்பாக்கச் சொன்னீர்கள். அப்படிப் போட்டால் பயிர் சாயும். மேகமூட்டமான நாட்களில் நைட்ரேட் தண்டின் அடியில் தேங்கும். அதை அறுத்துப் போட்டால் மாடு மூச்சுத் திணறி விழும்.

சமையல் பக்கத்தில் தீவன ஓட்ஸைக் குத்திக் கஞ்சி வைக்கலாம் என்ற குறிப்பும் வந்தது. ஓட்ஸ் மணியில் கால் பங்குக்கு மேல் உமி. அதை நீக்கியதும் நீராவியில் வேகவைத்து உலர்த்தாவிட்டால் மணிக்குள் இருக்கும் நொதி கொழுப்பைச் சிதைத்து, மாவு சில நாட்களில் கசந்துவிடும். உணவுக்கான ரகத்தில் மெல்லிய உமி, பருத்த மணி, பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார்ச்சத்தின் அளவு என்று பார்த்துத் தேர்கிறார்கள். இலைக்காகத் தேர்ந்த ரகத்தில் அவற்றை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. ஓட்ஸ் மட்டுமல்ல, எந்தத் தீவனப் பயிர் பற்றி எழுதினாலும் விளைச்சல் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். ரகத்தின் பெயர், எந்த ஊரில், எந்த மாதம் விதைத்தது, பாசனமா மானாவாரியா, எத்தனை அறுப்பு என்று இரண்டு வரி போதும். விதை வாங்கும் இடத்தைக் குறிப்பிட்டால் பையில் இருப்பது வெள்ளை அட்டை ஆதார விதையா, நீல அட்டை சான்று விதையா, விற்பவரே தரத்தை எழுதி ஒட்டிய வெறும் உண்மைநிலை விதையா என்பதையும் சேருங்கள். வாங்குகிறவர் ஒரு கைப்பிடி விதையை வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்க்கட்டும். கருத்து, ரோமம் படர்ந்து, முழங்கால்போல் மடிந்த முறுக்கு வாலோடு இருப்பவை காட்டு ஓட்ஸ். ஒருமுறை வயலுக்குள் வந்தால் மண்ணில் உதிர்ந்து கிடந்து பல ஆண்டுகள் முளைக்கும்.

அந்த மூன்று அறுப்பு வரிக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். மலையில் விதைப்புக் காலம் நெருங்குகிறது. விதைக்குப் பணம் கட்டுவதற்கு முன் அது அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நீலகிரி மாவட்டம்