அணையைக் கணக்கிடும் முன் மொரைனைப் பாருங்கள்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நீர்மின் திட்ட மதிப்பீட்டு நிபுணர் குழுவினருக்கு, வணக்கம்.

நான் புவியியல் ஆசிரியர். பனியாற்றுப் படிவுகள் பாடத்தைப் பல வருடமாக நடத்துகிறேன். மொரைன் (பனியாறு வாரி வந்து கொட்டிய மண்ணும் கல்லுமான குவியல்), டிரம்லின், எஸ்கர் என்று அந்தப் படிவுகளின் பெயர்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் வரும். சிக்கிமில் உடைந்த தீஸ்தா 3 அணையைத் திரும்பக் கட்டலாம் என்று 2025 ஜனவரியில் நீங்கள் பரிந்துரைத்ததைப் படித்ததிலிருந்து, அந்த இரண்டு மதிப்பெண் விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை.

சில வருடங்களுக்கு முன் கேதார்நாத் போயிருந்தேன். கோயிலுக்கு மேலே, சோராபாரி பனியாறு விட்டுச்சென்ற மொரைன் மேட்டில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். மாவு மாதிரி நைசான சாம்பல் நிறத் தூள், அதற்குள் பொடிக்கற்கள், விரலைக் கிழிக்கிற மாதிரி ஒரு சில்லு. பக்கத்திலேயே லாரி அளவுக்கு ஒரு பாறை. ஆறு என்றால் கல்லை உருட்டி வழவழப்பாக்கும், பெரியது சிறியது என்று பிரித்துப் போடும். பனியாறு எதையும் பிரிக்காது. வாரி வந்ததையெல்லாம் உருகும் இடத்தில் அப்படியே கொட்டிவிடும். கையைச் சற்றுச் சாய்த்தேன், மொத்தமும் பொலபொலவென்று சரிந்தது. 2013 ஜூன் 17 காலை உடையும்வரை சோராபாரி ஏரியைத் தாங்கி நின்றது இந்த மாதிரிக் குவியல்தான்.

சிக்கிமில் தீஸ்தா 3 அணைக்கு மேலே இருக்கும் தெற்கு லோனாக் ஏரியின் கதையும் இதுதான். பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, அதன் முனையில் குவிந்திருந்த முனை மொரைனுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் நீர் சேர்ந்து ஏரி வளர்ந்தது. 2023 அக்டோபர் 3 இரவு, பக்கவாட்டில் குவிந்திருந்த பக்க மொரைனில் சுமார் 1.47 கோடி கன மீட்டர் ஏரிக்குள் சரிந்தது. சுமார் 20 மீட்டர் உயர அலை எழுந்து முனை மொரைனைத் தாண்டியது. அப்புறம் நடந்ததை எந்தப் புவியியல் மாணவனும் சொல்வான்: தாண்டிய நீர் முதலில் தூளை அரித்தது, பிடிமானம் போனதும் கற்கள் உருண்டன, வாய்க்கால் பெருவழியானது. ஏறக்குறைய 5 கோடி கன மீட்டர் நீர் கீழே பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா 3 திட்டத்தின் அணையைத் துடைத்துப் போட்டது. 2017இல் மின் உற்பத்தி தொடங்கிய திட்டம் அது.

சரிந்த அந்த மொரைன் உறைந்த மண். உள்ளே இருந்த பனிக்கட்டிதான் அதற்குச் சிமென்ட். அந்தச் சிமென்ட் இப்போது இளகிக்கொண்டிருக்கிறது.

60 மீட்டர் அணை இருந்த இடத்தில் சுமார் 118 மீட்டரில் கான்கிரீட் அணை வரப்போகிறது. கான்கிரீட்டின் பலத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பாதி நீர் இன்னும் ஏரியில் இருக்கிறது. சரியாத மொரைன் சரிவுகளும் இருக்கின்றன. மழை வெள்ளத்தை மட்டும் வைத்து அணையின் தாங்குதிறனைக் கணக்கிட்டால் போதாது. அந்தச் சரிவுகளுக்குள் எவ்வளவு பனிக்கட்டி இருக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு நகர்கின்றன, ஒரு பக்கம் மொத்தமாக விழுந்தால் அலை எவ்வளவு எழும் என்பதை ஏரிக்கரையில் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளந்ததை நேபாளியிலும் லெப்சாவிலும் வெளியிடச் சொல்லுங்கள். தீஸ்தா ஆற்றின் கரையில் படுத்துறங்குபவர்கள் அந்த மொழிகளைப் பேசுபவர்கள்தான். அதுவரை அந்தப் பரிந்துரையை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியர்