சனிக்கிழமைச் சம்பளம்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். நீ பேசி நாலு வாரமாகிறது. பணம் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறது. வேளைக்குச் சாப்பிடு. ஒன்றரை ஷிப்ட் பார்க்காதே, கண் கெட்டுவிடும். அந்த பனியன் கம்பெனியில் உன்னைப்போல் ஓவர்லாக் தைக்க ஆள் இல்லையாமே, தம்பி சொன்னான். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அவன் கல்யாணத்தில் பந்தி முடியும் முன்பே நீ பஸ் ஏறியது சரியில்லை. அவன் முகம் வாடிவிட்டது.

உன்னோடு படித்த சாந்தியின் மகள் பெரியவளாகிவிட்டாள். சாந்தி பத்தாவது வரை படித்ததால் 2012-இல் அவள் கல்யாணத்துக்கு அரசாங்கம் 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் கொடுத்தது. நீ ஒன்பதாவதோடு நின்றுவிட்டாய். நின்றாய் என்ன, நான்தான் நிறுத்தினேன். சுமங்கலித் திட்டம், மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாக 35,000, தாலிக்கு ஆகும் என்று மில் ஏஜென்ட் சொன்னார். பதினாறு வயதில் உன்னை வேனில் ஏற்றிவிட்டேன். மூன்று வருடம் கழித்து இருமிக்கொண்டே வந்து மஞ்சள் பையை என் கையில் கொடுத்தாய். உன் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தப் பணம் அப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதை நீ ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, செல்வி.

ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? அவர்கள் இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பியது நான். தம்பிக்கு அப்போது பாலிடெக்னிக் கடைசி வருடம். உன் சம்பளம் நின்றால் அவன் படிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். ஒரு வருடம் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருடம் வீட்டுக் கூரை, அதற்கடுத்து குழுக் கடன். உனக்கு முப்பத்திரண்டு ஆகிவிட்டது. கேட்பவர்களிடம் ஏற்ற இடம் அமையவில்லை என்றே சொல்லிவந்தேன். பந்தியில் பெரியம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் குறை சொல்லாதே.

கல்யாணம் வேண்டுமா, வேண்டாமா, யாரை, எப்போது என்பதை நீ சொல், நான் கேட்டுக்கொள்கிறேன். குழுக் கடனில் இன்னும் ஐந்து தவணைதான். நூறு நாள் வேலைக்குப் போய் நான் கட்டுகிறேன், தம்பியும் கட்டட்டும். இந்தச் சனிக்கிழமை பணம் அனுப்பாதே. அடுத்த சனிக்கிழமையும் அனுப்பாதே.

அம்மா