முதல் 15 நிமிடத்துக்கு ஒரு நர்ஸ் வேண்டும்

கடலூர், புதுச்சேரி மருத்துவமனைகளின் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்களுக்கு வணக்கம்.

நான் கடலூர்க்காரி, ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். கேட்பது ஒன்றுதான். ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் அந்தக் கட்டிலைவிட்டு நர்ஸ் நகரக் கூடாது. அதற்கேற்ப ஆள் போடுங்கள்.

குரூப் மாறிய ரத்தம் கொஞ்சம் உள்ளே போனாலே நோயாளியின் எதிர்ப்பொருள்கள் அந்தச் சிவப்பணுக்களை உடைக்க ஆரம்பித்துவிடும். வெளியேறும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். “சிஸ்டர், குளுருது”, “இடுப்பு கடுக்குது”, “என்னமோ பயமா இருக்கு” என்றுதான் அது முதலில் தெரியவரும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், கூட இருக்கும் சொந்தக்காரர் போர்வையைப் போர்த்திவிடுவார். பையிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும். சிறுநீர் கறுத்து வரும்போதுதான் விஷயம் புரியும்.

குளிர் என்றதும் அலர்ஜிக்குப் போடும் அவில் ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு ரத்தத்தைத் தொடர்கிற பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். வெறும் அரிப்பு, தடிப்பு என்றால் நிறுத்தி, டாக்டர் பார்த்து, அடங்கியபின் தொடரலாம். காய்ச்சலும் குளிரும் அப்படியல்ல. உடனே நிறுத்தி, ரத்தம் இறங்கும் குழாய் செட்டை மாற்றி, நார்மல் சலைன் போட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். மீதிப் பையையும் செட்டையும் புதிய ரத்த சாம்பிளோடு ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

அப்புறம், “நீங்கதானே செல்வி?” என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் யாரும் “ஆமா” என்பார்கள். ஒரே வார்டில் இரண்டு செல்வி இருப்பது நம் ஊரில் அதிசயமா? பெயரை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, ஐ.பி. எண்ணையும் (உள்நோயாளி எண்) பையின் லேபிளையும் இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும். இரவில் ஒற்றை ஆளாக நிற்கும் பிள்ளை அந்த இரண்டாவது ஆளுக்கு எங்கே போவாள்?

ரத்த வங்கியைவிட்டு வந்த பையை 30 நிமிடத்துக்குள் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியட்டும் என்று வார்டு ஃப்ரிட்ஜில் வைக்கவும் முடியாது. ஆகவே அவசரமில்லாத ரத்தத்தைப் பகல் ஷிஃப்டிலேயே வாங்கி ஏற்றச் சொல்லுங்கள். ரத்தப்போக்கு, விபத்து என்றால் இரவிலும் ஏற்றித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அன்றைக்குப் பக்கத்து வார்டிலிருந்து ஒருவரை அனுப்ப எழுத்தில் உத்தரவு கொடுங்கள்.

ரவுண்ட்ஸ் வரும்போது சார்ட்டில் 15ஆவது நிமிட பி.பி., டெம்பரேச்சர் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். இரவு முழுக்க உள்ள அளவுகள் எல்லாம் ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால், அந்தப் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அன்றிரவு அவள் எத்தனை கட்டிலைப் பார்த்தாள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், மஞ்சக்குப்பம்