மீன்பிடித் தடைக்காலத்திலேயே எட்டு போட வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லைசென்ஸ் இல்லாமல் இருசக்கர வாகனம் ஓட்டியவர்களைப் பிடித்து அபராதம் போட்டதாக உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. பிடிக்கட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. எங்கள் கடற்கரையில் தலை நரைத்த ஆட்கள் ஏன் லைசென்ஸ் எடுக்காமலேயே காலத்தை ஓட்டிவிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த வருடம் நானே எடுத்துப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தங்கச்சிமடம், வயது 58. ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவர். பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில். அதுவரை தீவுக்குள் வர ரயிலும் படகும்தான். பைக் வைத்திருந்தால் எங்கே போய் ஓட்டுவது? பாலம் வந்தபோது எனக்கு இளவயதுதான், ஆனால் அதற்குள் கடலில் இறங்கியாகிவிட்டது. பிறகு மகன் பைக் வாங்கினான், நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அப்படியே பல வருடம் போனது. மகன் சிங்கப்பூர் போனதும் ஸ்பிளெண்டர் தார்ப்பாய்க்குள் போனது. தொழிலுக்குப் போகும் நாளில் விடியுமுன்னே ஜெட்டிக்குப் போக ஆட்டோவுக்கு 250 ரூபாய். கணக்குப் பார்த்தேன், தார்ப்பாயை அவிழ்த்தேன்.

முதலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் விசாரித்தேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவரே, கியர் வண்டி உங்களுக்கு எதுக்கு? ஸ்கூட்டில ஒரு ரவுண்டு வந்தாப் போதும், மத்தத நாங்க பாத்துக்கிறோம், 4,500 குடுங்க" என்றான். ஸ்கூட்டியில் ஓட்டிக் காட்டினால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு ஸ்பிளெண்டர் ஓட்டினால் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டிய மாதிரிதான், 5,000 ரூபாய் அபராதம். அதைப் பையன் சொல்லவில்லை. என் மருமகள் சொன்னாள். அவள் ராமநாதபுரத்தில் வேலைக்குப் போகிறவள், வண்டி ஓட்டத் தெரிந்தவள். "மாமா, நான் சொல்லித் தர்றேன், ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றாள். என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள்.

அரசாங்கக் கட்டணம் என்று பார்த்தால் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸுக்கு 150, அதற்கான தேர்வுக்கு 50, பிறகு வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200. மொத்தம் 700 ரூபாய்தான். 4,500 எங்கே, 700 எங்கே. விண்ணப்பத்தை மருமகளே செல்போனில் போட்டுவிட்டாள்.

40 வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்று வாங்க வேண்டும். டாக்டர் என் காதைச் சோதித்தார். டீசல் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடம் நின்ற காது, கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் தேறிவிட்டது. அப்புறம் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று கேட்டார். படகில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, இருட்டில் எதிரே வருகிற படகு எந்தப் பக்கம் போகிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம் என்றேன். மேற்கொண்டு கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

கற்றுக்கொண்ட கதையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கடலில் படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து ரிவர்ஸ் போட்டு நிறுத்துவோம். அதனால் என் காலுக்கு பிரேக் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. கருவாடு காயப்போடும் திடலில்தான் பழகினேன். முதல் ஞாயிறு வேகம் கூடியபோது நான் ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டுவிட்டு வண்டி தானாக நிற்கும் என்று காத்திருந்தேன். அது அடுக்கி வைத்திருந்த மீன் பெட்டிகளில் போய் நின்றது. இன்னொரு வம்பு, நான் சின்ன வயதில் பழகியது அப்பாவின் வள்ளத்தில். அதில் சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் போகும். பதறும்போதெல்லாம் அந்தப் பழைய கை வந்து ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொள்ளும். அதோடு படகு சொன்னதை ஒரு நொடி கழித்துத்தான் கேட்கும், பைக் சொல்லி முடிப்பதற்குள் திரும்பிவிடும்.

எட்டு போட மருமகள் ஒரு யோசனை செய்தாள். பழைய வலைக் கயிற்றைத் திடலில் எட்டு மாதிரி போட்டு அங்கங்கே கல் வைத்தாள். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். "முன்சக்கரத்தப் பாக்காதீங்க மாமா, அடுத்து எங்க திரும்பணுமோ அங்க பாருங்க." இது மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. கடலிலும் காலடித் தண்ணீரைப் பார்த்து யாரும் படகு ஓட்டுவதில்லை. தடைக்காலமாதலால் படகுகள் எல்லாம் கரையில் நின்றன, பெயிண்ட் அடிக்கிறவனும் வலை பின்னுகிறவனும் வேலையை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விழும்போது அக்கறையாக வந்து வண்டியைத்தான் முதலில் தூக்குவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அரசாங்கம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கையில் நேரம் இருக்கும் காலம் எங்களுக்கு வருடத்தில் அது ஒன்றுதான். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், தடை தொடங்கிய வாரமே எல்.எல்.ஆர். போட்டால், இரண்டு தடவை தோற்றுவிட்டு மூன்றாவது தடவை ஜெயித்தாலும் ஜூன் 14-க்குள் முடிந்துவிடும். எங்களுக்காகவே அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் அப்படி யாரும் எங்களிடம் சொன்னதில்லை. மே மாதம் முதல் வாரம்தான் எனக்கே இது உறைத்தது, அப்போது எல்.எல்.ஆர். போட்டேன். 30 நாள் முடிந்து தேர்வுக்குத் தேதி எடுத்தபோது, கிடைத்தது தடைக்காலம் தாண்டிய ஒரு புதன்கிழமை.

ராமேஸ்வரத்தில் எங்களுக்குத் திங்கள், புதன், சனிதான் தொழில். மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிப் போவோம். டிரைவர் வராவிட்டால் படகு கரையில் நிற்கும், கூட வரும் ஆட்களின் பிழைப்பும் நிற்கும். ஓனரிடம் கெஞ்சி வேறு டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டு, மருமகளுக்கு லீவு போட வைத்து, தேர்வு நடக்கும் ராமநாதபுரத்துக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போனோம். பாலம் ஏறியதுமே கச்சான் காற்று இடப்பக்கமிருந்து அறைந்தது. எல்.எல்.ஆர்.காரன் நான் ஓட்டத் துணியவில்லை, அவள் ஓட்டினாள். பாலத்தின் ஓரமெல்லாம் கார்களை நிறுத்திவிட்டுப் புது ரயில் பாலத்தைப் படம் பிடிக்கும் கூட்டம். இதை யாராவது சரிசெய்தால் தனியாக ஒரு கடிதம் எழுதி நன்றி சொல்வேன்.

அன்று இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, நல்லா வந்தீங்க, கடைசியில அவசரப்பட்டுட்டீங்க, அடுத்த வாரம் வாங்க" என்றார். தவறு என்னுடையது. அடுத்த முறை பார்த்துப் பார்த்து செவ்வாய்க்கிழமை தேதி எடுத்தோம். காலை ஊன்றாமல் எட்டு போட்டேன். லைசென்ஸ் ஸ்பீடு போஸ்டில் வீட்டுக்கே வந்தது. 55 வயதுக்கு மேல் என்பதால் ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள், பிறகு மறுபடி டாக்டர், மறுபடி புதுப்பிப்பு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. படகையும் வருடாவருடம் கரையேற்றிப் பார்த்துத்தானே இறக்குகிறோம்.

ஒரு நாள் தொழில் போனது எனக்கு. அதற்கே இத்தனை பாடு என்றால், மூன்று தடவை தோற்கிற ஆள் என்ன செய்வான்? "போங்கப்பா" என்று விட்டுவிட்டு லைசென்ஸ் இல்லாமலே எக்ஸெல் மொபெட்டில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவான். அதைத்தான் தினமும் பார்க்கிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தடை தொடங்குகிற வாரத்தில் எல்.எல்.ஆர். போட்டுக்கொள்ளச் சொல்லி டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒரு தட்டி வைக்கட்டும். மே கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும் ஓட்டுநர் தேர்வை மண்டபத்திலோ தீவுக்குள்ளோ இரண்டு மூன்று நாள் நடத்தட்டும். வடக்கே தொண்டிப் பக்கமும் தெற்கே சாயல்குடி, மூக்கையூர் பக்கமும் அப்படியே. எட்டு போட ஒரு திடலும், வட்டமாகச் சுண்ணாம்புக் கோடும், ஒரு மேசையும் நாற்காலியும் போதும். திடலும் சுண்ணாம்பும் நாங்களே தருகிறோம்.

பக்கத்துப் படகு டிரைவர் ஒருவருக்கு 61 வயது. நான் தனியாக வண்டியில் ஜெட்டிக்கு வருவதைப் பார்த்துவிட்டு அவரும் படிக்க வேண்டும் என்கிறார். வலைக் கயிறு திடலில் அப்படியே கிடக்கிறது. மருமகளும் சம்மதித்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும். மீன் பெட்டிகளை மட்டும் முன்கூட்டியே நகர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு விசைப்படகு டிரைவர்,
தங்கச்சிமடம்.