மார்கழிக்கு முன்னால் வண்டி வந்துவிடும், அம்மிணி

கணபதி, கோயம்புத்தூர்
6 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறோம். போனில் பேசும்போது நீ வேலைக்கு நடுவில் இருக்கிறாய், பாதியைக் கேட்டுவிட்டுப் பாதியை ஊகித்துக்கொள்கிறாய். நாங்கள் வாங்கும் மின்சாரக் கார் விஷயத்தை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொல்ல வாய் வராத ஒன்றும் அதில் இருக்கிறது. அதனால்தான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி இன்னும் கைக்கு வரவில்லை. விஜயதசமி அன்று முன்பணம் கட்டினேன். தீபாவளிக்குள் தருகிறோம் என்றார்கள். பிறகு கார்த்திகை பிறக்கட்டும் என்றார்கள். பிறகு, வேறு நிறம் எடுத்துக்கொண்டால் மறுநாளே தரலாம் என்றார்கள். உன் அம்மா வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நேற்று மாலை ஷோரூமிலிருந்து அழைத்து, வண்டி கிடங்குக்கு வந்துவிட்டது, வரும் வியாழன் 11-ஆம் தேதி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கேட்ட பிறகுதான் எனக்கு இரவில் தூக்கம் வந்தது. 16-ஆம் தேதி மார்கழி பிறக்கிறது. மார்கழியில் புது வண்டி நம் வாசலுக்கு வரக் கூடாது என்பதில் உன் அம்மா உறுதியாக இருக்கிறாள். சரி, தை பிறந்த பிறகு எடுக்கலாம் என்றால், மின்வண்டிக்கு முழுச் சாலை வரி விலக்குத் தரும் அரசாணை இந்த டிசம்பர் 31 வரைதான். இரண்டு தேதிகளுக்கும் நடுவே இரண்டு மாதமாக நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் கேட்காமல் ஏன் முடிவெடுத்தீர்கள் என்று நீ கேட்டாய். பழைய மாருதி 800-க்கு இருபது வயது முடிந்துவிட்டது. 2020-இல் ஒரு முறை பதிவைப் புதுப்பித்தோம், இந்த வருடம் மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது உனக்கும் தெரியும். எதிர் வீட்டு மாமா அதையே சொல்லி, பெட்ரோல் வண்டியே எடுங்கள் என்று ஒரு வாரம் வற்புறுத்தினார். நான் அதற்கு முன்பே மனத்தளவில் முடிவு செய்துவிட்டேன்.

காரணம் மோட்டார்தான், அம்மிணி. நாற்பது வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்தது இந்த ஊரில்தான் என்று என் முதலாளி எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதல் நாளே சொன்னார். பட்டறையில் நான் கட்டியதெல்லாம் பெரும்பாலும் ஐந்து குதிரைத்திறன், ஏழரைக் குதிரைத்திறன் பம்ப்செட் மோட்டார்கள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். இந்த வண்டியின் மோட்டார் 140 குதிரைத்திறனுக்கும் மேல். உள்ளே சுழலும் ரோட்டரில் காயில் இல்லை, அலுமினியக் கம்பிகளும் இல்லை, நிலைக்காந்தம். மேட்டில் ஏறும்போது மோட்டாராக இழுக்கும் அதே பொருள், இறக்கத்தில் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. தத்துவம் எனக்குப் பழையதுதான். ஆனால் சோதனை ஓட்டத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைந்து, திரையில் பேட்டரிப் பக்கம் அம்புக்குறி திரும்பியபோது, என் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பையன் பயந்துபோய், ஏதாவது தவறாகிவிட்டதா ஐயா என்று கேட்டான்.

இனி சார்ஜர். நீ அதிகம் கவலைப்பட்டது அதைப் பற்றித்தான்.

வண்டியோடு சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் ஒன்று தருகிறார்கள். ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி 45 யூனிட் கொள்ளும், காலியிலிருந்து நிரம்ப ஆறரை, ஏழு மணி நேரம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். நம் வீட்டில் மூன்று ஃபேஸும் வரும் மும்முனை இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட மின்பளுதான் போதவில்லை. மின்வாரியத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, கூட்டிக்கொண்டேன். சார்ஜர் போகும் ஃபேஸில் இருந்த ஏசியையும் தண்ணீர் மோட்டாரையும் மற்ற இரண்டுக்கும் பிரித்துப் போட்டேன். ஒரே தோளில் எல்லாச் சுமையும் ஏறினால் அந்த ஃபேஸ் மட்டும் சூடாகும்.

சார்ஜர் பொருத்த வந்தவர் நல்ல பையன், ஆனால் அவசரக்காரன். ஆறு சதுர மில்லிமீட்டர் கேபிள் போதும் என்றான். மீட்டர் பெட்டியிலிருந்து போர்டிகோ வரை 22 மீட்டர். கணக்குப் போட்டுக் காட்டினேன்: 32 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே நாலரை வோல்ட் போய்விடும். பத்து போட்டால் இரண்டரைதான். வண்டி இரவு முழுக்க, வருடக்கணக்கில் இழுக்கப்போகிறது, சூடாகாத கம்பிதான் வேண்டும் என்று சொல்லிப் பத்து போடச் செய்தேன். கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வாங்கப் போனால், கடைக்காரர் வீடுகளுக்குக் கொடுக்கும், மாறுமின்னோட்டத்துக்கான ஏசி வகையை எடுத்து நீட்டினார். வண்டிக்குள் அந்த ஏசி, நேர்மின்னோட்டமான டிசியாக மாறுகிறது. கசிவில் டிசி கலந்து வந்தால் அந்த வகை அதை உணராமல் போகலாம். ஏ வகைதான் வேண்டும் என்று நான்கு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தேன். இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்குக் காரணம், வண்டி தீப்பிடிக்குமா என்று நீ கேட்ட கேள்வி. இதில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி, சூட்டைத் தாங்குவதில் மற்ற லித்தியம் வகைகளைவிட நிதானமானது. என் அனுபவத்தில் நான் பார்த்த மின்தீயெல்லாம் தளர்ந்த முறுக்காணியிலும் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும்தான் தொடங்கின. நம் வீட்டில் இரண்டும் இருக்காது.

எர்த் விஷயம்தான் பெரிய வேலையாகிவிட்டது. பொருத்த வந்த பையன் சோதித்தபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 17 வோல்ட் காட்டியது. அப்படி இருந்தால் சார்ஜர் வேலை செய்யவே மறுத்துவிடும். நாம் வீடு கட்டிய 1994-இல் நானே குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு இறக்கிய இரும்புக் குழாய் அது. வெளியே எடுத்தால் கீழ்ப்பாதியே இல்லை, துருவாக உதிர்ந்துவிட்டது. முப்பது வருடமாக அதை நம்பி கிரைண்டரையும் வாஷிங் மெஷினையும் உன் அம்மா தொட்டிருக்கிறாள். ஊரில் எத்தனையோ தோட்டத்து மோட்டார்களுக்கு எர்த் சரியில்லை என்று சொல்லித் திட்டியவன், என் வீட்டுக் குழியைத் திறந்து பார்க்கவில்லை. அது என்னை உலுக்கிவிட்டது.

புதுக் குழியை வேறு இடத்தில், உன் அம்மாவின் பவளமல்லிக்குப் பக்கத்தில் எடுத்தோம். நான்கடியில் சுக்கான் பாறை வந்துவிட்டது. பட்டறையில் என்னிடம் தொழில் பழகிய இரண்டு பையன்கள் கடப்பாரையோடு வந்து இரண்டு நாள் இடித்தார்கள். பத்தடிக்குச் செம்பு பூசிய கம்பி இறக்கி, சுற்றிலும் அதற்கான மண்கலவை போட்டு மூடினோம். இப்போது ஒன்றரை வோல்ட்தான். ஆனால் இது மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது எடுத்த அளவு. சித்திரை வெயிலில் மறுபடியும் அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அதுவரை வாரம் ஒரு குடம் தண்ணீர் குழியில் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உன் அம்மா துளசிக்கு ஊற்றிவிட்டு அதற்கும் ஊற்றுகிறாள்.

உங்கள் பெர்கன் வீட்டுப் பகுதியில் நியூட்ரல் கம்பியே வராது, இரண்டு ஃபேஸுக்கு நடுவில்தான் 230 வோல்ட் என்று மாப்பிள்ளை சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. மின்பெட்டியின் படத்தை அவர் அனுப்பிய பிறகு அதை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க யோசித்தேன். நார்வே முழுக்கச் சென்ற வருடம் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்வண்டி. அந்த வீடுகளுக்கெல்லாம் எர்த்தை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று மாப்பிள்ளையிடம் விசாரித்து எழுதச் சொல். எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டாய். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை நிறுத்துகிறார்கள், முன்கூட்டியே பேப்பரில் வருகிறது. நாம் இரவில்தான் சார்ஜ் போடப்போகிறோம். ஆனால் நீ அந்தக் கேள்வியைக் கேட்டது 2012-ஐ நினைத்துத்தான். அது எனக்குத் தெரியும்.

அந்த ஐப்பசியையும் கார்த்திகையையும் நானும் மறக்கவில்லை. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் கிடையாது. வரும் நேரத்திலும் வோல்டேஜ் குறைந்து வரும், தோட்டங்களில் மோட்டார்கள் வரிசையாக எரிந்தன. பட்டறை வாசலில் எரிந்த மோட்டார்கள் குவிந்து கிடந்தன. காயிலைக் கையால் கட்டிவிடலாம், வார்னிஷை உலர்த்தவும் ஓட்டிப் பார்க்கவும் மின்சாரம் வேண்டுமே. வேலை இருந்தது, முடிக்க வழி இல்லை. நீ அப்போது பிளஸ் டூ. மாலையானால் மாருதியின் பேட்டரியைக் கழற்றி வந்து, உன் மேசை விளக்கில் 12 வோல்ட் பல்பை மாட்டிக் கொடுப்பேன். நீ அதில் இரவு பதினொன்று வரை படிப்பாய். சில காலைகளில் வண்டி கிளம்பாது. நீ பள்ளிச் சீருடையில் பின்னாலிருந்து தள்ளுவாய், நான் கிளட்சை விடுவேன்.

அப்போது நீ ஒரு நாள், இன்வெர்ட்டர் வாங்கலாமே அப்பா, தோழிகள் வீட்டிலெல்லாம் இருக்கிறதே என்றாய். கடையில் இருப்பு இல்லை, சொல்லி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அது பொய், அம்மிணி. கடையில் இருந்தது. என்னிடம் பணம் இல்லை. மூன்று மாதம் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கவே கடன் வாங்கிக்கொண்டிருந்தேன். உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. புரிந்துகொண்டுதான் கேட்காமல் இருந்தாயோ என்று பதின்மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் நீ வண்டிக்கென்று அனுப்பிய பணத்தை நான் தொடவில்லை. வங்கியில் அப்படியே இருக்கிறது. பட்டறை இடத்தை வாடகைக்கு விட்டதில் வந்த முன்பணமும் என் சேமிப்பும் சேர்ந்து முக்கால்வாசி, மீதிக்கு மூன்று வருடக் கடன். இதை நானே வாங்க வேண்டும் என்று இருந்தது. கோபித்துக்கொள்ளாதே.

இந்த வண்டியில் ஒரு வசதி இருக்கிறது. பேட்டரியிலிருந்து வெளியே கம்பி எடுத்து விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட்டலாம். அன்று உன் மேசைக்கு வைத்த பேட்டரியில் இருந்தது அரை யூனிட்டுக்கும் குறைவு. இதில் அதைப்போல 117 மடங்கு இருக்கிறது. இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

செலவைப் பற்றி ஒரு வரி. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஏறத்தாழ 160 யூனிட் ஆகும். இரண்டு மாதக் கணக்கில் நாம் 500 யூனிட்டைத் தாண்டிவிடுவோம், தாண்டினால் மேல் படியின் விலை உறைக்கும். அதனால் தை மாதத்தில் மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் சூரிய மின்தகடு போடுவதாக இருக்கிறேன். மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மேற்கு மூலையில் நீ பயிற்சி செய்யும் இடத்தை மறைக்காமல் போடச் சொல்கிறேன்.

மாருதியைப் பட்டறைப் பையன்களில் மூத்தவன் கேட்கிறான். நீ சரி என்றால் கொடுக்கிறேன்.

வியாழன் காலை பத்தரைக்குச் சாவி தருகிறார்கள். பூசை போட்டுவிட்டு, அவினாசி சாலையில் அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பத்து கிலோமீட்டரும் ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன். சுற்றுவழிதான், ஆனாலும் அதில் போக வேண்டும். இங்கே பத்தரை என்றால் உனக்குக் காலை ஆறு மணி, அங்கே இன்னும் இருட்டாக இருக்கும். குழந்தையை எழுப்பாதீர்கள், தூங்கட்டும் என்கிறாள் அம்மா. நான் வீடியோவில் அழைப்பேன். மாப்பிள்ளை தூங்கட்டும். நீ எழுந்திரு.

அன்புடன்,
அப்பா