நெஞ்சு சதை கிழிஞ்சா சுளுக்குன்னு விட்றாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

ஸ்போர்ட்ஸ் பக்கத்துல முட்டி லிகமென்ட் கிழிஞ்சா பெருசா போடுறீங்க, நெஞ்சு சதை கிழியுறத பத்தி ஒரு வரி கூட வரல சார். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் எங்க பாத்தாலும் ஜிம்முதான், பெஞ்ச் பிரஸ் (பெஞ்ச்ல மல்லாக்க படுத்து வெயிட்ட நெஞ்சுலேர்ந்து மேல தள்றது) அடிக்காத பையனே கிடையாது, இந்த அடி அதுலதான் அதிகமா படுது, அதுவும் வெயிட்ட தூக்கும்போது இல்ல, நெஞ்சுக்கு எறக்கும்போது, சதை முழு பாரத்தையும் தாங்கிக்கிட்டே இழுபடுற நேரத்துல டப்புனு புஜ எலும்புலேர்ந்து தசைநார் பிச்சிக்கும்.

எங்க ஜிம்ல ஒரு தம்பிக்கு இதான் ஆச்சு. அக்குள்லேர்ந்து புஜம் வரைக்கும் கருநீலமா ரத்தம் கட்டிருச்சு, வீட்ல சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவினாங்க, அப்புறம் ஒரு ஆஸ்பத்திரில தோள்பட்டைக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்துட்டு ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. தோள் ஸ்கேன்ல இந்த இடம் முழுசா விழாம போயிடும் சார், நெஞ்சு சதைக்குன்னு சொல்லி எடுக்கணும். ரத்தக்கட்டு வடிஞ்சதும் கை நல்லா தூக்க வருது, பைக் ஓட்ட முடியுது, சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டான், ஆனா தள்ளுற பலம் போயே போச்சு, அக்குள் முன்னாடி இருக்குற மடிப்பும் அந்த பக்கம் மட்டும் காணோம்.

மொத்தமா பிச்சிக்கிச்சுன்னா மொத சில வாரத்துலயே ஆபரேஷன் பண்ணா நாரை இழுத்து எலும்புல ஆங்கர்னு நூல் கோத்த சின்ன ஆணி மாதிரி ஒண்ணு வச்சு தைச்சுடலாம். மாசக்கணக்கா விட்டா சதை உள்ள சுருங்கி ஒட்டிக்கும், அப்புறம் வேற நார் எடுத்து ஒட்டு போடுற அளவுக்கு போயிடும். எல்லாருக்கும் கத்தி வேணாம், பாதி கிழிசல், வயசானவங்கன்னா பிசியோவே போதும்னு டாக்டர் சொல்லலாம், ஆனா அத டாக்டர்தான் முடிவு பண்ணணும், மாலிஷ் போடுறவர் இல்ல.

டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த வீரர் ஜான் சீனாவுக்கு 2007 அக்டோபர்ல இதே நெஞ்சு சதை கிழிஞ்சு, ஆபரேஷன் பண்ணி 2008 ஜனவரிலயே ராயல் ரம்பிள் மல்யுத்த போட்டில இறங்கினார், அத பாத்துட்டு பசங்க அவசரப்படுறாங்க. நம்ம ஆளுங்களுக்கு கைய கழுத்துல தொங்க விடுற ஸ்லிங்கே பல வாரம், பெரிய வெயிட் தொட ஆறு மாசம் கிட்ட ஆகும். ஸ்டீராய்டு ஊசி போட்டு வேகமா சதை ஏத்துறதும் ஒரு காரணம், நார் அந்த வேகத்துக்கு பலப்படாது, இத ட்ரெய்னர்ங்க வாய் விட்டு சொல்லணும்.

சென்ட்ரல் எதிர்ல இருக்குற ஜிஹெச் ஆர்த்தோ டாக்டர் யாராவது ஒருத்தர்கிட்ட கேட்டு, படத்தோட ஒரு கட்டுரை போடுங்க சார், எங்க ஜிம் சுவத்துல ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜிம் ட்ரெய்னர்,
வியாசர்பாடி, சென்னை - 39